இரண்டாம் பள்ளம்

ஒரு எழுத்தை அடித்தால்
அது யோசித்துவிட்டுத்தான் வரும்.
நான் தேநீரை ஒரு வாய் குடித்து
கோப்பையைக் கீழே வைப்பேன்.
அப்போதுதான் திரையில் எட்டிப் பார்க்கும்,
கூப்பிட்டீர்களா என்பதுபோல.

சாட்ஸ்வர்த்தில், மூன்றாம் யூனிட்டில்,
சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே
என் அலுவலகம்.
ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலை.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
வெள்ளிக்கிழமைதோறும் சம்பளச் சீட்டு.
வியாழன் இரவு முழுக்க
நானும் திரையில் அந்தச் சின்ன வட்டமும்
சுற்றிக்கொண்டிருப்போம்.

தூக்கிப் போடு, புதுசு வாங்கு என்றான் பிரேமன்.
என் தம்பி.
வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

மூக்குக்கண்ணாடிக்கான குட்டித் திருப்புளியால்
நானே திறந்தேன்.
ஒன்பது வருடத் தூசி.
பல்லி முட்டை ஓடு இரண்டு.
பச்சைப் பட்டையாய் ஒரு நினைவகம்,
அதன் பக்கத்திலேயே அதே நீளத்தில்
ஒரு பள்ளம். காலி.
இத்தனை நாளும் ஒற்றை நுரையீரலில்தான்
ஓடியிருக்கிறது, பாவம்.
விற்றவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

விக்டோரியா தெருவில், மசாலாக் கடைகளைத் தாண்டி,
எம்தோகோ என்றொரு பையன்.
"மூன்றா, நான்கா?" என்றான்.
எட்டு என்றேன்.
"எட்டு அளவு அம்மா, நான் கேட்பது ரகம்."
குத்துமதிப்பாக நான்கு என்றேன்.
வீட்டுக்கு வந்து பொருத்தினால்
நடுவில் உள்ள வெட்டு ஒரு அரிசி தள்ளி இருக்கிறது.
மறுநாள் மறுபடி டாக்ஸி,
பழையதை ரொட்டி உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு.
அவன் சிரிக்கவில்லை. மாற்றித் தந்தான்.
நானூற்றெண்பது ராண்ட்.
இந்த நானூற்றெண்பதைத்தான்
இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டிருந்தேன்.

குழாயைத் தொட்டுக் கையிலிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு
அழுத்தினேன். மூன்று நீள ஊளை.
கழற்றி, மகளின் ரப்பரால்
அதன் பொன்பற்களைத் துலக்கி,
கட்டைவிரல்கள் வெளுக்கும்வரை மறுபடி.
டக்.
நான்கும் எட்டும் பன்னிரண்டு என்று
அதுவே எண்ணிச் சொன்னது.
மின்வெட்டுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும்
ஒரே வழுக்கில் மேலிருந்து கீழே.
முன்பெல்லாம் இருபது இருபதாக
மூச்சு வாங்கி வாங்கித்தான் காட்டும்.
விளையாட்டுப்போல உருட்டினேன்,
பிப்ரவரி, மார்ச், திரும்பவும் பிப்ரவரி,
கையெழுத்துப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு.

தில்லைவதி கோவெண்டர். ஆறாம் வரிசை, காலர் தைப்பவள்.
திரையில் ஓவர்டைம் 1.
பதிவேட்டில் 12.

ஒன்றை அடித்திருப்பேன். இரண்டையும் அடித்திருப்பேன்.
பெட்டி திக்கித் திணறி
இரண்டை விழுங்கியிருக்கும்.
நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

போன் செய்தாள் அவள்.
குரலை உயர்த்தவில்லை.
"பன்னிரண்டு இருக்கணுமே அக்கா."
கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா என்றேன்.
சரி என்று வைத்துவிட்டாள்.

பதினொரு மணி நேரம்.
ஐந்நூற்று அறுபத்தொன்பது ராண்ட், இருபத்தைந்து சென்ட்.
வாங்காமல் நான் மிச்சம் பிடித்ததைவிட
எண்பத்தொன்பது ராண்ட் சொச்சம் கூட.

இரண்டை அடித்தேன்.
அடித்த கணமே வந்து நின்றது.
அடுத்து ஒரு கடிதம். அவள் பெயரை அடித்தேன்,
அதுவும் உடனே.
பிறகு கர்சர் மட்டும் துடித்தது,
துளித் தயக்கமில்லாமல்,
எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக.
கரண்ட் போகும்வரை
நான் அதற்கு ஒரு சொல்லும் கொடுக்கவில்லை.